மண் ரோட்டில் சொகுசு எஸ்யூவி உதறுகிறதா? உதறும் விதத்தை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

அரைக் கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய கார். தார் ரோட்டில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. தோட்டத்துக்குப் போகும் மண் ரோட்டில் இறங்கியதும் எலும்பெல்லாம் ஆடுகிறது. இந்தப் புகாரோடு வருபவர்களில் பலர் "ஷாக் அப்சார்பர் போயிருச்சு" என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். பெரும்பாலும் ஷாக்கில் ஒரு குறையும் இருக்காது. காற்று, வேகம், டயர் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் ஷாக்கைச் சந்தேகப்பட வேண்டும். செலவும் அதே வரிசையில்தான் ஏறும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, வோல்வோ எக்ஸ்சி40 ஆகிய சின்ன சொகுசு எஸ்யூவிகளுக்கு அடிப்படைக் கட்டமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும். சஸ்பென்ஷன் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் மல்டிலிங்க் (பல கைகள் சேர்ந்து சக்கரத்தைப் பிடிப்பது). வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 2.7 மீட்டரை ஒட்டித்தான் வரும்: க்யூ3யில் 2,680 மி.மீ., எக்ஸ்1இல் 2,692, எக்ஸ்சி40இல் 2,702, ஜிஎல்ஏவில் 2,729. உயரமான பாடி வளைவில் சாயக் கூடாது என்பதற்காக ஸ்பிரிங்கையும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியையும் கொஞ்சம் இறுக்கமாகவே வைக்கிறார்கள். அதற்கு மேல் பெரிய ரிம், மெல்லிய டயர். ஏணி மாதிரியான தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் லேடர் சேஸிஸ் வண்டிபோல இவை மண் ரோட்டுக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் சரியாகப் பராமரித்து, ஓட்டத் தெரிந்து ஓட்டினால் எஸ்டேட் ரோடு, குவாரி ரோடு, காற்றாலைக்குப் போகும் செம்மண் பாதை என்று எல்லாவற்றிலும் தாராளமாகப் போய் வரலாம்.

ஆட்டம் எந்த வகை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதற்கும் முன்னால்: காற்று

டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவும், ஐந்து பேரும் லக்கேஜும் ஏறும்போது ஒரு அளவும் போட்டிருக்கும். பங்க்கில் "எல்லா வீல்லயும் 36 வை" என்று பொதுவாகச் சொல்லி அடித்துக்கொண்டு வந்தால், தனியாக ஓட்டுபவரின் காரில் தேவைக்கு மேல் காற்று இருக்கும். தார் ரோட்டில் அது தெரியாது. கப்பி ரோட்டில் ஒவ்வொரு கல்லும் சொல்லிக் காட்டும்.

டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில், கார் இரண்டு மூன்று கி.மீ.க்கு மேல் ஓடாத நிலையில் அளந்து பாருங்கள். டயர் சூடாக ஆக உள்ளே அழுத்தம் ஏறும். உத்தேசமாக 5, 6 டிகிரி வெப்பத்துக்கு 1 பிஎஸ்ஐ. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து அளந்தால் அது உண்மையான கணக்கு ஆகாது. கையடக்கமான அளவுமானி ஒன்றும், 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றும் டிக்கியில் இருப்பது, இந்தக் காரோடு வரும் எந்த ஆடம்பர வசதியையும்விட மண் ரோட்டில் உபயோகமானது.

மண் ரோடு நீளமாக இருந்தால் ஸ்டிக்கர் அளவிலிருந்து 4, 5 பிஎஸ்ஐ இறக்கலாம். அதாவது 33 என்றால் 28. அந்தக் காற்றோடு 60 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. முழு பாரம் இருந்தால் இறக்கவே வேண்டாம். தார் ரோடு வந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். இறக்கிய காற்றோடு நெடுஞ்சாலையில் 100இல் பறந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் வெடிக்கும்.

காற்றை இறக்கியதும் டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை வரலாம். பல கார்களில் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி) சென்சார் வழியாகச் சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் காற்று குறைந்திருக்கிறது என்று ஊகிக்கும். அந்த எச்சரிக்கை எரிச்சலாக இருக்கிறது என்று குறைந்த காற்றிலேயே ரீசெட் கொடுத்துவிடாதீர்கள். கார் 28ஐயே சரியான அளவு என்று மனதில் வைத்துக்கொள்ளும். அப்புறம் உண்மையிலேயே பஞ்சர் ஆனாலும் தாமதமாகத்தான் சொல்லும்.

அறிகுறி: சின்னக் கல், சின்னப் பள்ளம் எல்லாம் 'டக் டக்' என்று முதுகில் தெரிகிறது

காற்று சரியாக இருந்தும் இப்படி என்றால் அடுத்து ரிம் அளவைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 235/55 ஆர்18 என்ற மாதிரி எழுதியிருக்கும். முதல் எண் மி.மீ.யில் அகலம். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் அங்குலம். எக்ஸ்சி40க்கு வந்த மூன்று அளவுகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 235/55 ஆர்18இல் பக்கச்சுவர் 129 மி.மீ. 235/50 ஆர்19இல் 118. 245/45 ஆர்20இல் 110. 18க்கும் 20க்கும் வித்தியாசம் 19 மி.மீ.தான். ஆனால் கூர்மையான கல் ஒன்றை மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பரும் காற்றும் மட்டுமே. சின்ன, கூர்மையான அதிர்ச்சிகளை முதலில் வாங்கிக்கொள்வது டயர். ஷாக்கும் ஸ்பிரிங்கும் அசையத் தொடங்கும் முன்பே அந்த மோதல் முடிந்துபோகும்.

அதனால்தான் 19, 20 அங்குல ரிம்மில் ஓடும் காரை 18க்கு இறக்குவதை, மண் ரோடு அடிக்கடி போகிறவர்களுக்கு நான் முதல் செலவாகச் சொல்கிறேன். ஷாக் மாற்றுவது, ஸ்பிரிங் மாற்றுவது எதிலும் இவ்வளவு பலன் கிடைக்காது. மொத்த விட்டம் பெரிதாக மாறுவதில்லை: 18இல் 716 மி.மீ., 19இல் 718, 20இல் 729. ஸ்பீடோமீட்டர் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நகரும். வாங்கும் முன் இரண்டு விஷயம் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் மாடலின் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மேல் 18 அங்குல ரிம் தட்டாமல் உட்கார வேண்டும். டயரின் பார அளவு எண் பழையதற்குக் குறையக் கூடாது. உங்கள் காரின் கீழ் வேரியன்டிலேயே 18 வந்திருந்தால் அந்த ரிம்மையே தேடிப் பிடிப்பது நல்லது. ஷோரூமில் பெரிய ரிம் கண்ணைக் கவரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கப்பி ரோட்டில் அது நமக்கு எந்த நன்மையும் செய்வதில்லை.

ரன்ஃபிளாட் டயர் என்றால் கதை வேறு. காற்று போனாலும் ஓட வேண்டும் என்பதற்காகப் பக்கச்சுவரையே கெட்டியாகச் செய்திருப்பார்கள். அதில் 5 பிஎஸ்ஐ இறக்கினாலும் பெரிய மாற்றம் தெரியாது. சாதாரண டயருக்கு மாறினால் உட்கார்ந்த இடத்திலேயே வித்தியாசம் தெரியும். அப்படி மாறினால் ஸ்டெப்னி பற்றியும் யோசித்தாக வேண்டும், ஏனென்றால் ரன்ஃபிளாட் கார்களில் பலவற்றில் அதற்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். ஊசி, ஆணி ஓட்டைக்குப் பசை ஊற்றும் பஞ்சர் கிட் போதும். கல் கிழித்த பக்கச்சுவருக்கு அது உதவாது. ஆள் நடமாட்டம் இல்லாத மலைப்பாதைக்குப் போவதானால் டிக்கி இடம் போனாலும் பரவாயில்லை, முழு அளவு ஸ்டெப்னி ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள். 80 கி.மீ. வேக வரம்பு எழுதிய மெல்லிய ஸ்டெப்னி தார் ரோட்டுக்குத்தான்.

'கம்ஃபர்ட்' மோடு போட்டும் மெத்தென்று இல்லையே என்பார்கள். மின்னணு ஷாக் உள்ள வேரியன்டில்தான் அந்தப் பட்டன் சஸ்பென்ஷனை மாற்றும். சாதாரண ஷாக் உள்ள காரில் ஆக்சிலேட்டர், கியர், ஸ்டியரிங் கனம் இவை மட்டுமே மாறும். எக்ஸ்1இல் அடாப்டிவ் எம் சஸ்பென்ஷன் என்று பெயர் போட்டு வருவதும், அதிர்வின் வேகத்துக்கு ஏற்பத் தானே மாறும் இயந்திர ஷாக்தான். அது காரை 15 மி.மீ. தாழ்த்தவும் செய்கிறது. உங்கள் காரில் எது இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் எதிர்பாருங்கள்.

அறிகுறி: கார் முழுக்கத் தடதடவென்று நடுங்குகிறது, பேசவே முடியவில்லை

ரோட்டை இறங்கிப் பாருங்கள். குறுக்குவாட்டில் வரி வரியாக, கடற்கரை மணலில் விழும் அலைக்கோடு மாதிரி மேடும் பள்ளமும் இருக்கும். குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் டிப்பர் ஓடும் ரோடுகளில் இது சாதாரணம். அதிலும் டிப்பர் பிரேக் பிடிக்கும் இடம், மேட்டில் முக்கி ஏறும் இடம், வளைவு இவற்றில் அதிகம்.

ரோடு போட்டவரோ உங்கள் காரோ மட்டும் இதற்குக் காரணமில்லை. ஆஸ்திரேலியாவில் மண்சாலைகளை ஆராய்ந்த கீத் மேதர் 1963இல் இதை விளக்கி எழுதினார். 2007இல் தாபர்லே, மாரிஸ், மெக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள், மணல் தட்டில் ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், ஸ்பிரிங்கே இல்லாத வெறும் சக்கரமும் இந்த வரிகளை உண்டாக்கிவிடுகிறது. அந்த வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருக்கிறது. காய்ந்த மண் ரோட்டில் அந்த வேகத்தைத் தாண்டி வண்டிகள் ஓடினால் வரி விழுந்தே தீரும்.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்? வேகத்தை மாற்ற முடியும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எவ்வளவு தூரம் என்று காலடியால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும். 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 36 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 13 முறை மேட்டில் ஏறி இறங்குகிறது. சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்த கீழ்பாகத்துக்கு, டயரின் காற்று மேல் துள்ளும் இயல்பான வேகமே நொடிக்கு 10 முதல் 15 முறைதான். ரோட்டின் தட்டலும் சக்கரத்தின் துள்ளலும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடுகின்றன. நடுக்கம் உச்சத்துக்குப் போவது அங்கேதான்.

"50இல் போனேன், உதறியது, பயந்து 35க்கு வந்தேன், இன்னும் மோசம்" என்று பலர் குழம்புவதற்கு இதுதான் காரணம். அந்த 30 முதல் 45 வரையிலான வேகத்தில் நிற்காதீர்கள். 20க்குக் கீழே இறங்கினால் நொடிக்கு ஏழு தட்டல்தான், கார் நிதானமாகிவிடும். 70க்கு மேலே போனால் நொடிக்கு 26 தட்டல். டயர் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போவதால் உள்ளே அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பாதீர்கள். டயர் பாதி நேரம் தரையிலேயே இல்லை, பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதிதான் வேலை செய்யும். பெரிய வெட்டவெளிகளில் நேர் ரோட்டில் அப்படி ஓட்டுபவர்கள் உண்டு. ஆடு, மாடு, பைக், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் நடமாடும் நம் ஊர் ரோட்டுக்கு அது ஆகாது. 20ஐ ஒட்டிப் போங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது: டிப்பர் டயர் படாத ஓரத்தில் வரிகள் ஆழம் குறைவாக இருக்கும். ஒரு பக்கச் சக்கரங்களை அங்கே ஏற்றினால் நடுக்கம் பாதியாகும்.

வரிகளின் மேல் நீண்ட நேரம் ஓடிய பிறகு கார் திடீரென்று இதமாக மாறி, பள்ளம் தாண்டியபின் இரண்டு மூன்று முறை மிதந்து எழும்பினால் ஷாக் சூடாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே எண்ணெய் மெலிந்து நுரை கட்டியிருக்கும். கால் மணி, அரை மணி நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியதும் பழையபடி வந்துவிட்டால் ஷாக் நன்றாகவே இருக்கிறது. ஆறியும் மிதந்தால் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: பெரிய பள்ளத்தில் 'டமார்' என்று ஒரு இடி

சஸ்பென்ஷன் தன் முழுத் தூரமும் அமுங்கி, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் மோதும் சத்தம். பின்பக்கத்திலிருந்து வந்தால் முதலில் டிக்கியைக் குறையுங்கள். தோட்டத்துக்கு உர மூட்டை, திரும்பும்போது தேங்காய் மூட்டை, பின்சீட்டில் மூன்று பேர் என்றால் பின் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமுங்கித்தான் இருக்கும். பள்ளத்துக்கு மிச்சம் இருக்கும் தூரம் கொஞ்சம்தான். பேட்டரி கார்களில் பல நூறு கிலோ கூடுதல் எடை வேறு.

முன்பக்கத்திலிருந்து வந்தால் அது பெரும்பாலும் பிரேக் மிதிக்கும் பழக்கம். பள்ளத்தைக் கண்டதும் மிதித்து, மிதித்தபடியே பள்ளத்தில் இறக்குகிறோம். பிரேக் பிடித்தால் காரின் மூக்கு தாழும், முன் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய ஸ்பிரிங்கோடு பள்ளத்தில் விழுந்தால் இடிக்காமல் என்ன செய்யும்? பள்ளத்துக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தொடும் நேரத்தில் காலை எடுத்துவிடுங்கள். மூக்கு எழும், ஸ்பிரிங்குக்கு இடம் கிடைக்கும். ஒருநாள் பழகினால் கால் தானாகச் செய்யும்.

மின்னணு ஷாக் இருந்தால், மேடும் பள்ளமும் பெரிதாக அலையும் ரோட்டில் கம்ஃபர்ட்டைவிடக் கொஞ்சம் இறுக்கமான மோடு நன்றாக இருக்கும். மெத்தென்று வைத்தால் பாடி அதிகம் ஏறி இறங்கி ரப்பர் கட்டையைத் தொடும். கேட்க முரணாகத் தெரியும், போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: மெதுவாகப் போனாலும் தலை இடமும் வலமுமாக ஆடுகிறது

இதற்கு முழு மருந்து கிடையாது. டிராக்டர் தடம் விழுந்து இறுகிய ரோட்டில் ஒரு பக்கச் சக்கரம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். ஆன்டி ரோல் பார் இரண்டு பக்கத்தையும் கட்டி வைத்திருப்பதால், ஒரு சக்கரத்தின் ஏற்றம் பாடி முழுவதையும் சாய்க்கும். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் நம் தலைக்குத்தான் ஆட்டம் அதிகம். தடத்துக்குள் இறங்காமல், நடு மேட்டில் ஒரு பக்கமும் ஓரத்தில் ஒரு பக்கமுமாக ஓட்டுங்கள். பின்சீட்டில் வயதானவர்கள் இருந்தால் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

அறிகுறி: வளைவில் பின்பக்கம் விலகிப் போகிறது

வரி விழுந்த வளைவில் சக்கரம் துள்ளுவதால் பிடி குறையும். ரிப்பேர் எதுவும் இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டாம். தேரிக்காட்டுச் செம்மணல் மாதிரி ஆழமான மணலில் சக்கரம் சுழன்று கார் நகரவே மறுத்தால் மட்டும் டிராக்ஷன் கன்ட்ரோலைத் தற்காலிகமாக அணைக்கலாம். இன்னொன்று: உதிரி ஜல்லியில் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். பூட்டிய சக்கரம் முன்னால் ஜல்லியைக் குவித்துத் தடுத்துக்கொள்ளும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாது. முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி இரண்டு மடங்கு விடுங்கள். தூசியும் குறைவாக வரும்.

அறிகுறி: மெதுவாகப் போகும்போது ஒரு பக்கம் 'கடக் கடக்'

முதலில் காரைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, டூல் கிட், பின்சீட்டின் மாட்டாத பெல்ட் கொக்கி, டிக்கி மேல் தட்டு, கதவுப் பையில் உருளும் ஸ்டீல் பாட்டில் எல்லாமே சஸ்பென்ஷன் சத்தம்போலக் கேட்கும். காலி காரிலும் சத்தம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

வேகத்தடை ஒன்றை நேராக, இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெதுவாகத் தாண்டுங்கள். அடுத்து அதே தடையைச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறும்படி தாண்டுங்கள். நேராகப் போகும்போது சத்தமில்லை, சாய்வாகப் போகும்போது மட்டும் 'கடக்' என்றால் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான் விழும். ஆன்டி ரோல் பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஆன்டி ரோல் பார் முறுக்கப்படுவதில்லை, அதனால் லிங்க் ராடுக்கு வேலையில்லை. ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் அது இழுபடும். மண் ரோட்டில் முதலில் தேய்ந்துபோகும் பாகமும் பெரும்பாலும் இதுதான். மற்ற பாகங்களோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு.

பிரேக் பிடிக்கும்போதும் விட்டதும் ஒரு 'தொக்' கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர் மூட்டு. காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரில் வெடிப்பு தெரியும். சில கார்களில் இந்தப் புஷ்ஷுக்குள் எண்ணெய் இருக்கும், கசிந்திருந்தால் சுற்றிலும் கறுப்பாகப் பிசுபிசுக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மேலே, பானெட் மூலையிலிருந்து 'கிறீச்' அல்லது 'டங்' வந்தால் ஸ்ட்ரட்டின் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். முழுதாகத் திருப்பி ஓட்டும்போது மட்டும் வரிசையாகக் 'கட கட கட' என்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து மண் புகுந்திருக்கும். பூட் கிழிசலை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பூட் விலையோடு போகும், விட்டால் ஷாஃப்ட் விலை.

அறிகுறி: அடியில் உரசுகிறது

எக்ஸ்சி40க்கு 211 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். சின்ன சொகுசு எஸ்யூவிகளில் அது நல்ல அளவு. ஆனால் ஆள் ஏறாத காரின் கணக்கு அது. குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தால் சில சென்டிமீட்டர் போய்விடும். எஞ்சின் குறுக்குவாட்டில், முன் அச்சுக்கு மேலும் முன்னாலும் இருப்பதால் மூக்கு நீண்டிருக்கும். வயிறு தட்டாத இடத்திலும் பம்பரின் கீழ் உதடு தட்டும். ஓடையில் இறங்கும்போது சாய்வாக இறக்குங்கள்.

உரசிய பிறகு வேகம் எடுத்ததும் அடியில் 'படபட' என்று அடித்துக்கொண்டால் அடித்தட்டின் கிளிப் உடைந்திருக்கிறது. வழியில் கேபிள் டை போட்டுக் கட்டி ஊர் வந்து சேரலாம், கிளிப் விலை சொற்பம். அடியில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு ஆளை வரச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்துக் காரைத் தூக்கிக் கொடுக்கிறோம் என்பார்கள். வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயிண்ட் தேயும், வாரண்டியிலும் சிக்கல் வரும்.

அறிகுறி: மண் ரோடு முடிந்து தார் ரோட்டில் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது

மழைநாளில் இது வந்தால் முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் அலாய் வீலின் உள் வளையத்தில், பிரேக் இருக்கும் பக்கம், களிமண் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்திருக்கும். கைப்பிடி மண் போதும், வீல் பேலன்ஸ் முழுக்கக் கெட்டுவிடும். விரலை விட்டுத் தடவினால் தட்டுப்படும். ஒரு குச்சியால் சுரண்டி, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி மறுபடி அடியுங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விட்டாலும் "ரிம் உள்ளே அடிங்க அண்ணே" என்று சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கழுவிய பிறகும் நடுக்கம் இருந்தால்தான் வீல் பேலன்சிங்குக்குப் போக வேண்டும். மண்ணோடு பேலன்ஸ் செய்தால், நாலு நாளில் மண் உதிர்ந்ததும் மறுபடி நடுங்கும்.

சக்கரத்திலிருந்து உலோகத்தை அறுப்பது மாதிரி 'கிரீச்' சத்தம் விடாமல் வந்தால் பயந்துவிடாதீர்கள். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜல்லி மாட்டியிருக்கும். ரிவர்ஸில் சில அடி போய், மறுபடி முன்னால் வந்தால் பல நேரம் தானே விழுந்துவிடும். விழாவிட்டால் டிஸ்க் ஆறியதும் தகட்டை மெல்ல வளைத்துக் கல்லைத் தட்டிவிடலாம். அப்படியே 100 கி.மீ. ஓட்டினால் டிஸ்க்கில் ஆழமாகக் கோடு விழும்.

கார் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். ஆனால் அதற்கு முன் நாலு டயரையும் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் கையால் தடவுங்கள். பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரில் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. ஒட்டுப்போடவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஷாக்

இவ்வளவையும் பார்த்த பிறகும் கார் மிதக்கிறது, இடிக்கிறது என்றால் ஷாக்கைப் பாருங்கள். தூசி படிந்த ஷாக்கில் லேசான எண்ணெய்ப் பூச்சு தெரிந்தால் பதற வேண்டாம். எண்ணெய் வழிந்து, அதில் மண் ஒட்டிக் கறுத்துச் சேறாக இருந்தால் அது போய்விட்டது. காரின் மூலையை அழுத்திவிட்டு, ஒரு முறைக்கு மேல் துள்ளுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டும், பாதி போனதைக் காட்டாது. டயரின் மேல்பரப்பைக் கையால் சுற்றித் தடவினால் மேடு பள்ளமாக, திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் தரையில் ஒட்டாமல் துள்ளியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

மின்னணு ஷாக் என்றால் மாற்றச் சொல்வதற்கு முன் அதன் ஒயர் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சேறு புகுந்தாலே எச்சரிக்கை விளக்கு வரும், ஷாக் இறுக்கமாக மாறிவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள்; முன் இரண்டையும் சேர்த்து, அல்லது பின் இரண்டையும் சேர்த்து. கூடவே பம்ப் ஸ்டாப் ரப்பரும், முன்பக்கம் என்றால் ஸ்ட்ரட் மவுண்ட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அதற்குத் தனியாகப் பிரித்தால் கூலி இரண்டு தடவை ஆகும். முடிந்ததும் அலைன்மென்ட், ஸ்டியரிங் கோண சென்சார் ரீசெட்.

கழற்றிய பழைய ஷாக்கை வாங்கி நிமிர்த்தி வைத்து, அதன் கம்பியைக் கையால் அழுத்தி, மறுபடி இழுத்துப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக எதிர்த்தால் அது நல்ல ஷாக். நடுவில் ஓரிடத்தில் காலியாக விழுந்தால் மாற்றியது சரி.